கருங்கல் குவாரி டிப்பருக்குப் பின் டயர்கள்: எட்டையும் மாற்றவா, ஜோடி ஜோடியாக மாற்றவா?

கரூர் டிப்பர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சொந்தமாக ஒரு பத்துச் சக்கர டிப்பர் வைத்திருக்கிறேன். டயர் அளவு 10.00R20, 16 பிளை (பாரம் தாங்கும் வலிமைக் குறி), ரேடியல் (உள்ளே கம்பி அடுக்கு உள்ளது). ஓட்டம் இரண்டு வகை. காலையில் குவாரி அடியிலிருந்து கிரஷருக்குப் பாறை. மதியத்துக்குப் பிறகு கிரஷரிலிருந்து ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வழியாகக் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போகும்.

முன் டயர்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சிக்கல் பின்னால்தான். முதல் ஹவுசிங்கில் (பின் அச்சில்) வெளி டயர்கள் இரண்டிலும் 6 மி.மீ. பட்டன் (மேல் ரப்பர்க் கட்டி) மீதி, உள் டயர்களில் 9 மி.மீ. இரண்டாவது ஹவுசிங்கில் இடது வெளி 5 மி.மீ.; இடது உள் டயரில் பக்கச்சுவர் கிழிந்து கம்பி தெரிகிறது. வலது வெளி 6 மி.மீ.; அதற்கு உள்ளே இருப்பது ரீட்ரெட் போட்ட (தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் பட்டை ஒட்டிய) டயர், அதில் 14 மி.மீ. இருக்கிறது. வெளி டயர்கள் எல்லாவற்றிலும் ஓரப் பட்டன்கள் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கின்றன.

ஒரு கடையில் எட்டும் 'மைனிங்' டயராகப் போடு என்கிறார்கள். இன்னொரு கடையில் நைலானுக்கு (நைலான் நூல் அடுக்கு டயருக்கு) மாறிவிடு என்கிறார்கள். பெரியப்பா எல்லாவற்றையும் ரீட்ரெட் போட்டு ஓட்டு என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சங்ககிரி ரீட்ரெட் எழுதியது:

தம்பி, மற்றவை எல்லாம் பிறகு. அந்த இடது உள் டயரை இன்றே கழற்றுங்கள். ரேடியல் லாரி டயரின் பக்கச்சுவரில் இருப்பது ஒரே ஓர் அடுக்குக் கம்பிதான். அதில் சில இழைகள் அறுந்தால் பக்கத்து இழைகள் அந்தப் பாரத்தை வாங்கி, அவையும் வரிசையாக அறும். மேலே எத்தனை மி.மீ. இருந்தாலும் அந்த டயர் முடிந்துவிட்டது. ஒட்டுப் போட்டு ஸ்டெப்னியாகக்கூட வைக்காதீர்கள். அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

அளவுகளை இவ்வளவு தெளிவாகக் கொடுத்ததற்கு நன்றி. பலர் 'டயர் மொட்டையாகிவிட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு விலை கேட்கிறார்கள். மோட்டார் வாகன விதிப்படி லாரிக்குக் குறைந்த அளவு 1.6 மி.மீ. அது தார்ச்சாலைக்கான கடைசிக் கோடு. குவாரிக்குள் அதுவரை காத்திருந்தால் டயரும் போகும், கேசிங்கும் (மேல் ரப்பர் நீங்கலான டயரின் உடம்பும்) போகும். ரப்பர் மெலிந்த பிறகு கூரான கல் நேராக உள்ளே இருக்கும் கம்பிப் பட்டையைத் தொட்டுவிடும். அந்த வெட்டு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். கருங்கல் ஓட்டத்துக்கு 5 மி.மீ. வந்ததும் கழற்றச் சொல்வது என் வழக்கம். உங்கள் வெளி டயர்கள் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

ஒரு கேள்வி. ஓரப் பட்டன் பெயர்வது ஈரத்தில் அதிகமாகிறதா? உள் டயரின் கிழிசல் எந்த இடத்தில், மேலேயா, டிஸ்க் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்) பக்கமா?

போர்வெல் லாரி எழுதியது:

திருச்செங்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ரிக் வண்டிகள் வைத்திருக்கிறோம். காட்டுக்குள், உழுத நிலத்துக்குள், பாறை மேட்டில் இறக்கி ஏற்றுவது எங்களுக்கு அன்றாட வேலை.

என் கருத்து நைலான்தான். ரேடியலின் மேல்பகுதி வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். பக்கவாட்டில் ஒரு கல் உரசினால் கதை முடிந்தது. நைலானில் பல அடுக்கு நூல் குறுக்கும் நெடுக்குமாகப் பக்கச்சுவர் வரை போகிறது. ஒரு அடுக்கு கிழிந்தாலும் மற்றவை தாங்கும். ஒட்டுப் போட்டு ஓட்டலாம். விலையும் குறைவு. கரூர் நண்பருக்கு ஏற்கெனவே பக்கவாட்டில்தான் அடிபட்டிருக்கிறது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கரூர் டிப்பர் எழுதியது:

சங்ககிரி அண்ணா, மழை பெய்த வாரத்தில்தான் சில்லு அதிகம் பெயர்கிறது. கிழிசல் டிஸ்க்கை ஒட்டி, வெளி டயரைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது.

சங்ககிரி ரீட்ரெட் எழுதியது:

அப்படியென்றால் இரண்டு டயர்களுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறது. வண்டி ஓடும்போது அந்தக் கல் உள் டயரின் பக்கச்சுவரை அரைத்துக்கொண்டே வரும். இதற்கு நைலான் மருந்தல்ல. ஒவ்வொரு முறை குவாரியை விட்டு மேலே ஏறியதும் இறங்கி, ஜோடிக்கு நடுவே பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் வேகம் எடுத்த பிறகு அந்தக் கல் தெறித்தால் பின்னால் வரும் இரு சக்கர வாகனக்காரரின் உயிருக்கே ஆபத்து.

ஈரத்தில் அதிகம் பெயர்வதும் இயல்புதான். காய்ந்த ரப்பரில் கல் உராய்ந்து நிற்கும். நனைந்த ரப்பரில் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். மழை நாளில் குவாரிச் சரிவில் சக்கரத்தைச் சுழலவிடாமல் ஏற்றினாலே பாதிச் சில்லு மிஞ்சும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கம் எழுதியது:

அரியலூர்ப் பக்கம் சுரங்கப் பராமரிப்பில் இருக்கிறேன். போர்வெல் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது.

குவாரி லாரியின் டயரை இரண்டு பகைகள் கொல்கின்றன: வெட்டு, சூடு. ஒன்றைத் தடுக்கப் போனால் மற்றொன்று வலுக்கும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. வெட்டுத் தாங்கும் ரப்பர் கலவை உருளும்போது அதிகச் சூட்டை உண்டாக்கும். பட்டன் ஆழம் கூடினால் அந்தச் சூடு வெளியேற வழி குறையும். நைலானில் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசுவதால் ரேடியலைவிடச் சூடு அதிகம். குவாரிக்குள் குறைந்த தூரம், மெதுவான வேகம், திரும்பி வரும்போது காலி வண்டி என்றால் அந்தச் சூடு ஆறிவிடும். அதே டயரைப் பாரத்தோடு நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டினால் ஆறாது. மேல்பட்டை கேசிங்கிலிருந்து பிரிந்து, முழுத் துண்டாகக் கழன்று விழும். நெடுஞ்சாலை ஓரங்களில் கிடக்கும் நீளமான ரப்பர் பட்டைகளை எல்லோரும் பார்த்திருப்போம்.

பெரிய டம்பர்களுக்கு டயர் வாங்கும்போது நாங்கள் டன் கிலோமீட்டர் பெர் அவர் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். காலி வண்டியில் ஒரு டயர் மீது விழும் எடையையும் பாரத்தில் விழும் எடையையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். அதை அன்றைய சராசரி வேகத்தால் பெருக்கினால் வருவது, டயர் நிறுவனம் கொடுத்திருக்கும் எண்ணைத் தாண்டக் கூடாது. சாலை டிப்பருக்கு இந்த எண் கிடைக்காது. பக்கச்சுவரில் உள்ள வேக எழுத்தைப் பார்க்கலாம்: F என்றால் 80, G என்றால் 90, J என்றால் 100, K என்றால் 110 கி.மீ. சுத்தமான மைனிங் டயர்களில் அந்த எழுத்து கீழே இறங்கியிருக்கும். அதைப் பார்க்காமல் 'பெரிய பட்டன், நிறைய உழைக்கும்' என்று வாங்குவது தவறான செலவு.

கரூர் நண்பரே, இரண்டு வகை ஓட்டத்தில் கிலோமீட்டர் எங்கே அதிகம்? அதைப் பொறுத்துத்தான் பதில்.

கரூர் டிப்பர் எழுதியது:

நடை எண்ணிக்கை குவாரியில் அதிகம். கிலோமீட்டர் என்று பார்த்தால் தார்ச்சாலைதான் பெரும்பங்கு.

சுண்ணாம்புக்கல் சுரங்கம் எழுதியது:

அப்படியானால் மைனிங் டயரும் வேண்டாம், நைலானும் வேண்டாம். சாலையும் மண்ணும் கலந்த ஓட்டத்துக்கென்று லக் (பெரிய பட்டன் வைத்த) ரேடியல்கள் வருகின்றன. வெட்டுத் தாங்கும் கலவையாக இருக்கும். பட்டன்களுக்கு நடுவே கல் தங்காமலிருக்கச் சிறு மேடுகள் இருக்கும். வேக எழுத்தும் நெடுஞ்சாலைக்குப் போதும். அதைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். எத்தனை யூனிட் ஏற்றுகிறீர்கள்?

கரூர் டிப்பர் எழுதியது:

ஜல்லி பெரும்பாலும் ஐந்து யூனிட். கேட்கும் இடத்தில் அதற்கு மேலும் போவது உண்டு. இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் ஏற்றுகிறார்கள்.

சுண்ணாம்புக்கல் சுரங்கம் எழுதியது:

கணக்கை வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. பின்னால் உள்ள இரட்டை அச்சுக்கு 19 டன்னாக இருந்தது 21 டன் ஆனது. உங்கள் வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. டயர் பக்கம் வாருங்கள். 10.00R20, 16 பிளை டயரில் 146/143 என்று எழுதியிருக்கும். தனியாக ஓடினால் 3,000 கிலோ, ஜோடியாக ஓடினால் ஒவ்வொன்றும் 2,725 கிலோ என்பது அதன் பொருள். பின்னால் எட்டு டயர். எட்டும் சேர்ந்து 21,800 கிலோ. அதாவது, சட்டப்படி முழுப் பாரம் ஏற்றிய நிலையிலேயே மிச்சமிருப்பது 800 கிலோதான்.

ஒரு யூனிட் 100 கன அடி. உலர்ந்த ஜல்லி என்றாலும் நான்கு டன்னுக்கு மேல் நிற்கும். ஈர எம் சாண்டு இன்னும் கனக்கும். நான்கு யூனிட்டோடு நிறுத்தினால் வரம்பை ஒட்டி இருப்பீர்கள். ஐந்தாவது யூனிட் ஏறியதும் அதன் எடையில் பெரும்பகுதி பின் அச்சுகளில்தான் விழும், டயருக்கு 3 டன்னைத் தாண்டிவிடும். குவாரிக்குள் மெதுவாக நகரும்போது டயர் ஓரளவு கூடுதல் எடையைப் பொறுத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் பொறுக்காது. இதுவே நான்கு யூனிட்டாக இருந்தால் நீங்கள் இப்போது வாங்கப்போகும் டயர் எதுவானாலும் உழைக்கும். ஆறு யூனிட் என்றால் எந்த நிறுவனத்தின் எந்த டயரும் உங்களைக் காப்பாற்றாது.

போர்வெல் லாரி எழுதியது:

கணக்கு சரிதான். ஆனால் வாடகை யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசும் ஊரில் நான்கோடு நிறுத்துகிறவனுக்கு வேலை கிடைக்காது. அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

11.00R20 போட்டால் என்ன? அது 150/146. ஜோடியில் ஒரு டயருக்கு 3,000 கிலோ தாங்கும். எட்டுக்கு 24 டன்.

சங்ககிரி ரீட்ரெட் எழுதியது:

டயர் தாங்கும் அண்ணா. அச்சும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் தாங்குமா? 10.00க்கு 7.5 அங்குல டிஸ்க், 11.00க்கு 8 அங்குலம். டிஸ்க்கை மாற்றாமல் அகலமான டயரைப் போட்டால் ஜோடிக்கு நடுவே இடைவெளி குறையும். இருக்கிற இடைவெளியிலேயே கல் சிக்கி ஒரு டயர் போயிருக்கிறது. குறைந்தால் பாரத்தில் இரண்டு பக்கச்சுவர்களும் ஒன்றையொன்று தொட்டு உரசும். வண்டி எந்த அளவோடு வந்ததோ அதிலேயே இருப்பது நல்லது.

எஸ்டேட் பிக்கப் எழுதியது:

நடுவே ஒரு கேள்வி, மன்னிக்கவும். வால்பாறையில் எஸ்டேட் வேலைக்கு 4x4 பிக்கப் ஓட்டுகிறேன். டயர் தேய்ந்துவிட்டது. நண்பர்கள் மட் டெரெய்ன் (சேற்றுக்கான டயர்) போடச் சொல்கிறார்கள். இங்கே மழையும் சேறும் அதிகம். ஆனால் வாரம் ஒருமுறை மலையிறங்கிப் பொள்ளாச்சி போய்வர வேண்டும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கம் எழுதியது:

ஆல் டெரெய்ன் (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போதும். மட் டெரெய்ன் டயரில் பட்டன்கள் தள்ளித் தள்ளி இருப்பதால், நனைந்த தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. மழையில் மலைப்பாதை வளைவில் பிரேக் பிடிக்கும்போது அது தெரியும். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். 4x4 வண்டியில் முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாதிக்கப்படும்.

ஓட்டுநர் இருக்கை எழுதியது:

டிப்பர் ஓட்டுநராக இருக்கிறேன். எல்லோரும் டயரைப் பற்றிப் பேசுகிறார்கள், பாதையைப் பற்றி யாரும் பேசவில்லை. குவாரிப் பாதையில் கிடக்கும் கூரான கல் எங்கிருந்து வருகிறது? முன்னால் போன வண்டியில் வாய்வரை ஏற்றியதால் சிந்தியதுதான். எங்கள் குவாரியில் ஜேசிபி வைத்துக் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை பாதையை வழித்துவிடச் சொல்லிக் கேட்டோம். முதலாளி முதலில் டீசல் செலவு என்றார். பிறகு அவருடைய சொந்த வண்டிகளின் டயர்களும் பிழைப்பதைப் பார்த்துத் தொடர்ந்து செய்கிறார்.

திருப்பத்திலும் கவனம் தேவை. பாரத்தோடு நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினால் பின்னால் உள்ள எட்டு டயர்களும் பக்கவாட்டில் இழுபடும். கடைசி ஹவுசிங்தான் அதிகம் இழுபடும். ஓரப் பட்டன் பெயர்வதற்கு அதுவும் காரணம். காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சங்ககிரி ரீட்ரெட் எழுதியது:

பாதையைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. காற்றைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது ஐயா. தட்டினால் காற்றே இல்லாத டயர் தெரியும். 120 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் 95 இருப்பது காதுக்குத் தெரியாது. அந்த 95தான் கேசிங்கைக் கொல்கிறது. பரிந்துரைத்த காற்றில் 80 விழுக்காட்டுக்கும் கீழே ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடிய டயராகவே கருதிக் கழற்றிப் பார்க்க வேண்டும். பக்கச்சுவர்க் கம்பிகள் மடங்கி மடங்கிக் களைத்திருக்கும். அதில் மறுபடி காற்றடிக்கும்போது வரிசையாக அறுந்து வெடிக்கும்.

காலையில் வண்டி நகருமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, கேஜ் வைத்து அளக்க வேண்டும். உள் டயரையும் சேர்த்து. மதியம் சூடேறிக் காற்று கூடியிருக்கிறது என்று யாரும் இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலையில் அது குறைவாக நிற்கும்.

கரூர் டிப்பர் எழுதியது:

நன்றி அண்ணா. உள் டயருக்குக் கேஜ் வைக்க வால்வு எட்டுவதில்லை, அதனால் விட்டுவிடுகிறோம். நீட்டிப்புக் குழாய் போடச் சொல்கிறேன். இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். எட்டையும் மாற்றவா, ஜோடி ஜோடியாகவா?

சங்ககிரி ரீட்ரெட் எழுதியது:

இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஜோடியில் உள்ள இரண்டு டயர்களும் ஒரே அச்சில் ஒரே எண்ணிக்கை சுற்றியாக வேண்டும். உங்கள் அளவில் இரண்டுக்கும் விட்டத்தில் 13 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. புது டயரில் 20 மி.மீ. பட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் 6 மி.மீ. டயரோடு ஜோடி சேர்த்தால் விட்டத்தில் 28 மி.மீ. வித்தியாசம். சுற்றளவில் ஏறத்தாழ 88 மி.மீ. இந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு 300 சுற்றுக்கு மேல் சுற்றும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 26 மீட்டர் தூரத்துக்கு இரண்டில் ஒன்று தரையில் தேய்க்கப்படுகிறது. பாரம் முழுவதும் பெரிய டயர் மேல். அது சூடேறி வெடிக்கும், சின்னது தேய்ந்து போகும். இரண்டு பணமும் போச்சு. உங்கள் வலது பின் ஜோடியில் 14க்கு 6 என்று ஏற்கெனவே இந்தச் சிக்கல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு ஹவுசிங்குக்கு மட்டும் நான்கு புதிது போட்டு, மற்றதில் தேய்ந்த நான்கை விட்டாலும் தவறு. உங்கள் வண்டியில் இரண்டு ஹவுசிங்கும் இழுக்கும். இரண்டுக்கும் சுற்றளவு மாறினால், சுழற்சி வேறுபாட்டைச் சமாளிக்க நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையில்கூட ஓயாமல் வேலை செய்யும்.

என் யோசனை: நான்கு புது லக் ரேடியல் வாங்குங்கள். இப்போது ஓடும் டயர்களில் அந்தக் கிழிந்ததை விட்டுவிட்டு மற்ற ஏழையும் கழற்றிக் கேசிங்கைச் சோதியுங்கள். தேறியவற்றில் சிறந்த நான்கை, புது டயரின் சுற்றளவுக்கு ஒத்துவருமாறு பட்டை தேர்ந்தெடுத்து ரீட்ரெட் போடுங்கள். புதியவை முதல் ஹவுசிங்கில். ரீட்ரெட் கடைசி ஹவுசிங்கில். இழுபட்டுத் தேய்கிற இடம் அதுதான், அங்கே புது டயரைக் கொண்டுபோய் அழிக்க வேண்டாம். முன் சக்கரத்துக்கு மட்டும் ரீட்ரெட் ஒருபோதும் கூடாது. ரேடியலும் நைலானும் ஒரே அச்சில் கலக்கவும் கூடாது.

போர்வெல் லாரி எழுதியது:

இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்கிறேன். என் வாதம் குவாரிக்குள்ளேயே சுற்றும் வண்டிக்குத்தான் பொருந்தும். கேசிங் தேறுமா என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? பல பட்டறைகளில் மேலே தேய்த்துவிட்டு அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

சங்ககிரி ரீட்ரெட் எழுதியது:

கண்ணால், கையால், வெளிச்சத்தில். டயரை விரித்து உள்பக்கம் முழுவதும் தடவிப் பார்ப்பேன். உள்ளே சுருக்கமோ கறுத்த தூளோ இருந்தால் காற்றுக் குறைவாக ஓடியது, தள்ளுபடி. பீட் கம்பி (டிஸ்க்கில் உட்காரும் டயர் விளிம்பின் கம்பி) வளைந்திருந்தால் தள்ளுபடி. பழைய ஒட்டு பக்கச்சுவரில் இருந்தால் பெரும்பாலும் தள்ளுபடி. மேல்பட்டையில் உள்ள வெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, துரு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியே அரிசி அளவு தெரிவது உள்ளே உள்ளங்கை அளவு பிரிந்திருக்கும். உங்கள் கண் முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள். மறுக்கும் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள்.

ரேடியலுக்குக் குளிர் முறை கேளுங்கள். ஏற்கெனவே வெந்த பட்டையை ஒட்டி, 100 டிகிரியைச் சற்றுத் தாண்டிய வெப்பத்தில் பிடிக்க வைப்பார்கள். வார்ப்பு அச்சில் (மோல்டில்) வைத்து 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகவைப்பதைவிடக் கேசிங்குக்கு இது நல்லது.

ஓட்டுநர் இருக்கை எழுதியது:

அண்ணா, மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். சாலையோரக் கடையில் லாக் ரிங் (டயரை டிஸ்க்கில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்) தெறித்து ஒரு பையனுக்கு நேர்ந்ததை அருகில் நின்று பார்த்தவன் நான்.

சங்ககிரி ரீட்ரெட் எழுதியது:

கட்டாயம் எழுத வேண்டியது. நட்டைத் தொடுவதற்கு முன் ஜோடியில் இரண்டு டயர்களிலும் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்க வேண்டும். துருப்பிடித்த, வளைந்த, வேறு டிஸ்க்கிலிருந்து எடுத்த லாக் ரிங்கைப் போடவே கூடாது. காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளிப்போடு மாட்டி, ரிங்குக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். சில கடைகளில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிறார்கள். அந்தக் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அங்கே வேலை செய்யும் பையன்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். கூண்டு வாங்கும் செலவு ஒரு டயர் செலவுதான்.

புது டயருக்குப் புது டியூப், புது ஃபிளாப் (டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டை). பழைய டியூப் விரிந்திருக்கும். உள்ளே மடிந்து, மடிப்பில் தேய்ந்து போகும். ஐஎஸ்ஐ முத்திரையும் தயாரிப்புத் தேதியும் பாருங்கள். கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வெயிலில் அடுக்கிய பழைய சரக்கை எடுக்காதீர்கள். மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்குங்கள்.

கரூர் டிப்பர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிழிந்த டயரை அன்றே கழற்றிவிட்டேன், வண்டி நிற்கிறது. ஏழு கேசிங்கையும் என் முன்னாலேயே திறந்து பார்த்தார்கள். ஐந்து தேறியது. முதல் ஹவுசிங்கின் வலது வெளி டயரில் வெட்டுக்குள் துரு பரவியிருந்தது. பழைய ரீட்ரெட் டயரில் பக்கவாட்டு ஒட்டு இருந்தது. நான்கு குளிர் முறை ரீட்ரெட்டுக்குப் போகிறது, ஐந்தாவது 9 மி.மீ. டயர் ஸ்டெப்னி. நான்கு புது லக் ரேடியலுக்குச் சொல்லியிருக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததால் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

ஐந்தாவது யூனிட்டைப் பற்றி வழக்கமாக எடுக்கும் இரண்டு கட்டட ஒப்பந்தக்காரர்களிடம் பேசினேன். ஒருவர் நான்கு யூனிட் நடைக்கு ஒத்துக்கொண்டார். மற்றவர் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஸ்டெப்னி 9 மி.மீ., மற்றவை புதிது. வழியில் பஞ்சரானால் அதை எங்கே மாட்டுவது?

சங்ககிரி ரீட்ரெட் எழுதியது:

ஜோடியின் உள்பக்கம். சாலை நடுவே மேடாகவும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும்; உள் டயர் மேட்டில் ஓடுவதால் சின்னது அங்கேதான் இருக்க வேண்டும். அப்போதும் வித்தியாசம் வரம்பைத் தாண்டுகிறது, ஆகவே பாரத்தை இறக்கிவிட்டு, பக்கத்துப் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போங்கள். முன் டயர் பஞ்சரானால் இந்த ஸ்டெப்னியை முன்னால் மாட்டலாம், அது ரீட்ரெட் அல்ல; அதுவும் கடை வரை மட்டும்.